எங்கள் வீட்டில் ஆள் இருக்கிறார்

எங்கள் வட்டாரத்துக்குக் கடிதமும் பார்சலும் கொண்டுவரும் நிறுவனத்தின் விநியோகப் பிரிவு மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம்.

நான் பினாங்கு, ஆயர் ஈத்தாமில் ஓர் அடுக்குமாடியின் பதினோராவது மாடியில் குடியிருக்கிறேன். வீட்டிலேயே தையல் வேலை. சேலைக்கு ரவிக்கை தைப்பதுதான் முக்கியம். பாவாடை சட்டை, பஞ்சாபி சூட்டும் வரும். கூடவே அம்மா. அவருக்கு 78 வயது, முழங்கால் வலி. மருத்துவமனைக்கும், வருடத்தில் இரண்டு மூன்று முறை கோயிலுக்கும் தவிர அவர் கீழே இறங்குவதில்லை. ஆக, எங்கள் வீட்டில் எந்த நேரம் பார்த்தாலும் ஒரு ஆளாவது இருக்கும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மடல் முழுக்க இதைப் பற்றித்தான்.

சென்ற மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, மதியம் 2.40 மணி. சென்னையிலிருந்து ஒரு பார்சல் வரவேண்டியிருந்தது. உள்ளே பெரிதாக ஒன்றுமில்லை. ஜரிகை லேஸ் நான்கு சுருள், கொக்கி பாக்கெட்டுகள், இங்கே கடைத்தெரு முழுக்க அலைந்தும் கிடைக்காத ஒரு மாம்பழ மஞ்சள் லைனிங் துணி. 'இன்று விநியோகம்' என்று காலையிலேயே செயலியில் வந்துவிட்டது. அம்மா பசியாறிவிட்டு, வழக்கம்போல் கிரில் கதவை ஒட்டி நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தவர்தான். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகும் அதே இடம். மடியில் பழைய நாளிதழை விரித்து, சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். காற்றுக்காக மரக்கதவு அகலத் திறந்து கிடந்தது. நான் நாலடி தள்ளி மெஷினில் இருந்தேன். கைப்பேசி சிணுங்கியது.

'விநியோகிக்க முயன்றோம். பெறுநர் வீட்டில் இல்லை.'

அதை அப்படியே அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். கத்தியைக் கீழே வைத்தார். "ஆள் இல்லையாமா? அப்ப நான் யாரு?" என்று கேட்டார். சிரித்துக்கொண்டுதான் கேட்டார். ஆனால் ராத்திரி படுக்கப் போகும்வரை அதையே மூன்று நான்கு தடவை சொல்லிக்கொண்டிருந்தார்.

ஐயாவோ அம்மாவோ, இதைப் படிப்பது யாராக இருந்தாலும் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். தாமதமாகிறது என்பது என் புகார் அல்ல. ஒரு தையல்காரி தாமதத்தைப் பற்றிப் புகார் எழுதினால் என் வாடிக்கையாளர்களே கைதட்டிச் சிரிப்பார்கள். 'நாளைக்கு வாங்கக்கா, பொத்தான்தான் பாக்கி' என்று நானும் எத்தனையோ பேரிடம் சொன்னவள். ஆனால் துணியை வெட்டாமலேயே வைத்துவிட்டு, 'நீங்கள்தான் வாங்கிக்கொள்ள வரவில்லை' என்று யாருக்கும் எழுதியதில்லை.

சரி, கதைக்கு வருகிறேன். செய்தி வந்ததும் கோரிடாருக்கு ஓடி எட்டிப் பார்த்தேன். கீழே ஒட்டுக்கடைப் பக்கத்தில் உங்கள் வேன் நின்றது. லிஃப்ட்டுக்குக் காத்திருந்து இறங்கிப் போனால், வேனுக்குப் பின்னால் ஒரு தமிழ்ப் பையன். இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயதிருக்கும். ஒரு கையில் பொட்டலம் கட்டிய ஐஸ் தே ஓ, மறு கையில் ஸ்கேன் பண்ணுகிற கருவி. சட்டை முதுகோடு ஒட்டிப் போயிருந்தது. சண்டை போடத்தான் போனேன். அவன் முகத்தைப் பார்த்ததும் குரல் இறங்கிவிட்டது.

"சாரிக்கா. இன்னிக்கு மட்டும் நூத்தி இருவது பார்சல். உங்க புளோக்குல ரெண்டு லிஃப்ட்ல ஒண்ணுதான் ஓடுது. ஒவ்வொரு மாடியா ஏறி எறங்குனா மத்த எடத்துக்கு எப்பப் போறது?"

"அப்ப 'டைம் இல்ல'ன்னு போட வேண்டியதுதானே தம்பி? ஆள் இல்லன்னு ஏன் போடுற?"

"அப்படி ஒரு பட்டனே இல்லக்கா."

கருவியை என் பக்கம் திருப்பிக் காட்டினான். பார்சலைக் கொடுக்காமல் விட்டால் அதற்கு ஒரு காரணத்தைத் தொட வேண்டும். திரையில் இருந்தவை நான்கே நான்கு. பெறுநர் வீட்டில் இல்லை. முகவரி முழுமையில்லை. பெறுநர் வாங்க மறுத்தார். பார்சல் சேதம். இந்த நான்கில் எதையாவது அமுக்கினால்தான் அது அடுத்த பார்சலுக்குப் போகுமாம். "இதுல ஆள் இல்லங்கறதுதான் யாருக்கும் கெடுதல் இல்லாதது" என்றான். அவன் கணக்கில் அது சரிதான்.

இதோடு முடிந்திருந்தால் இந்த மடலை எழுதியிருக்க மாட்டேன். வேனுக்குள் என் பார்சல் கண்ணுக்கு எதிரிலேயே இருந்தது. ஒரு முனை கிழிந்து, அந்த மாம்பழ மஞ்சள் துணி வெளியே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. "இதோ இருக்குதே, கொடுத்துடு தம்பி" என்றேன். ஒரு தடவை ஆள் இல்லையென்று போட்டுவிட்டால் அன்றைக்கு அதைக் கொடுக்க முடியாதாம். டிப்போவுக்குத் திரும்பிப் போய்த்தான் மறுபடி வர வேண்டுமாம். மைகாட்டைக் காட்டினேன். அவனுக்கே தர்மசங்கடமாகிவிட்டது. வீட்டில் ஆள் இல்லை என்று உங்கள் கணினி சொல்லும் அந்த ஆள், உங்கள் வேனுக்கு முன்னால் அடையாள அட்டையோடு நிற்கிறாள். ஆனாலும் பார்சல் கிடையாது.

தயவுசெய்து அந்தப் பையனைத் தேடிப் பிடித்து விளக்கம் கேட்காதீர்கள். தேதியைச் சொல்லாமல் 'ஒரு செவ்வாய்க்கிழமை' என்று எழுதியதே அதற்காகத்தான். அவனைப் பொய் சொல்ல வைத்தது அந்தக் கருவி. அதில் நான்கு காரணங்கள் போதும் என்று எங்கோ குளிர்சாதன அறையில் உட்கார்ந்து யாரோ முடிவெடுத்தார்கள். என் மடல் அவருக்குத்தான்.

புதன் வரவில்லை. வியாழனும் வரவில்லை. தபால்பெட்டியில் அறிவிப்பு அட்டையும் இல்லை. வெள்ளிக்கிழமை மெஷினை மூடிவிட்டு நானே டிப்போவுக்குப் போனேன். டாக்சிக்குப் போக வர 28 வெள்ளி (ரிங்கிட்). உள்ளே இருந்த கொக்கிகளின் விலை அதில் பாதி கூட வராது. வரிசையில் ஒரு மணி நேரம் நின்றபோது முன்னால் நின்ற மலாய் அக்காவிடம் பேச்சுக் கொடுத்தேன். அவர் கைக்குழந்தையோடு எந்நேரமும் வீட்டில் இருப்பவர். அவருக்கும் 'ஆள் இல்லை'.

இடையில் ஒரு சின்னக் கணக்கு. என் அக்கா மகன் கல்லூரியில் படிக்கிறான். டிப்போ கதையைக் கேட்டுவிட்டு அவன்தான் இதைச் சொல்லிக் கொடுத்தான். வெளிநாட்டிலிருந்து அஞ்சலில் வரும் பதிவுப் பார்சல்களில் 13 எழுத்துள்ள ஓர் எண் இருக்கும். முதலில் இரண்டு ஆங்கில எழுத்து, நடுவில் ஒன்பது இலக்கம், கடைசியில் அனுப்பிய நாட்டைக் குறிக்கும் இரண்டு எழுத்து. அந்த ஒன்பதாவது இலக்கம் சும்மா போட்டதல்ல. முதல் எட்டு இலக்கங்களையும் வரிசையாக 8, 6, 4, 2, 3, 5, 9, 7 ஆகியவற்றால் பெருக்கி, எல்லாவற்றையும் கூட்டி, 11-ஆல் வகுத்து, மீதியை 11-லிருந்து கழிக்க வேண்டும். வருவதுதான் அந்த ஒன்பதாவது இலக்கம். விடை பத்தோ பதினொன்றோ வந்தால் அதற்கு வேறு விதி. ரவிக்கை அளவு எழுதும் நோட்டின் பின்பக்கத்தில் என் பார்சல் எண்ணைப் போட்டுப் பார்த்தேன். அச்சாக வந்தது. யாராவது ஓர் இலக்கத்தைத் தப்பாகத் தட்டினால் கணினி பெரும்பாலும் உடனே கண்டுபிடித்துவிடுமாம். ஓர் எண் பிசகக்கூடாது என்று உலகம் முழுக்க உட்கார்ந்து யோசித்து இவ்வளவு அழகாக ஒரு காவல் வைத்திருக்கிறார்கள். அதே கணினியில் 'பெறுநர் வீட்டில் இல்லை' என்று தட்டினால், அது அப்படியே ஏற்றுக்கொண்டு எனக்குக் குறுஞ்செய்தியும் அனுப்புகிறது.

இதைவிட மனசு கஷ்டப்பட்டது போன தீபாவளிக்கு. கோலாலம்பூர் செந்தூலில் இருக்கும் ஒரு பெண்ணுக்குத் தலைத்தீபாவளி. மாமியார் வீட்டில் எடுத்துக் கொடுத்த பட்டு, கிளிப்பச்சையில் அரக்கு பார்டர். ரவிக்கைக்குக் கையிலேயே ஆரி வேலை செய்தேன், ஒன்பது ராத்திரி. 2025 அக்டோபர் 9, வியாழக்கிழமை அனுப்பினேன். அன்று உலக அஞ்சல் நாளாம், 1874-ல் சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் உலக அஞ்சல் ஒன்றியம் உருவான நாள். எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது, தெரிந்திருந்தால் நல்ல சகுனம் என்று சந்தோஷப்பட்டிருப்பேன். தீபாவளி 20-ம் தேதி. நடுவில் பதினோரு நாள் இருக்கிறதே என்று நிம்மதியாகத்தான் இருந்தேன். இங்கிருந்து கோலாலம்பூருக்குப் பேருந்தில் ஏறி உட்கார்ந்தால் ஐந்து மணி நேரம்.

அந்த ரவிக்கை என்ன செய்தது என்று உங்கள் செயலியே சொல்கிறது. 10-ம் தேதி, பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும் பிறை என்ற ஊர். 11-ம் தேதி, கோலாலம்பூருக்குப் பக்கத்தில் ஷா ஆலாம். அங்கே 'முகவரி முழுமையில்லை' என்று ஒரு வரி. வீட்டு எண், புளோக், சாலைப் பெயர், 51000 செந்தூல், கைப்பேசி எண், எல்லாம் பெரிய எழுத்தில் எழுதி மேலே டேப்பும் ஒட்டியிருந்தேன். அப்புறம் மறுபடி பிறை, அங்கிருந்து பினாங்குத் தீவுக்கே. நான் தொலைபேசியில் கத்திய பிறகு திரும்பவும் பிறை. பதின்மூன்றரைக் கிலோமீட்டர் பினாங்குப் பாலத்தை என் ரவிக்கை மூன்று தடவை தாண்டியது. அம்மா கூட பத்து வருடத்தில் அத்தனை தடவை தாண்டியிருக்க மாட்டார்.

அந்தப் பெண்ணிடம் போய்ச் சேர்ந்தது 23-ம் தேதி. தலைத்தீபாவளியன்று கடையில் வாங்கிய ஏதோ ஒரு கறுப்பு ரவிக்கையைப் போட்டுக்கொண்டு படம் எடுத்திருக்கிறாள். புலனத்தில் எனக்கும் அனுப்பினாள். 'பரவாயில்லைக்கா' என்று ஒரு வரி. திட்டியிருந்தால் தேவலை. தையல் கூலியை அன்றே திருப்பி அனுப்பிவிட்டேன். உங்களுக்குப் புகார் எழுதினேன். 'உங்கள் புகார் பரிசீலனையில் உள்ளது' என்று ஒரு நீள எண்ணோடு தானியங்கிப் பதில் வந்தது. அந்த எண்ணிலும் ஒரு காவல் இலக்கம் இருக்கும் என்று நினைக்கிறேன். பதில் மட்டும் இன்னும் வரவில்லை.

கடிதங்கள் விஷயம் வேறு மாதிரி. அவை வருகின்றன. எங்கள் வீட்டுக்குத்தான் வருவதில்லை. கீழே தபால்பெட்டி வரிசையின் மேல் ஒரே குவியலாக வைத்துவிட்டுப் போகிறார்கள். பாதிப் பெட்டிகளுக்குக் கதவில்லை, உண்மைதான். அது எங்கள் நிர்வாகக் குழுவின் குற்றம், அவர்களுக்கு வேறு மடல் எழுத வேண்டும். அந்தக் குவியலில் எங்கள் புளோக்கின் கடிதங்களோடு பக்கத்து இரண்டு புளோக்கின் கடிதங்களும் கலந்து கிடக்கும். தினம் சாயங்காலம் ஐந்து மணிக்கு ஒன்பதாம் மாடிச் சீன அங்கிள் இறங்கி வருவார். முன்பு துறைமுகத்தில் கிராணியாக இருந்தவர். மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு, ஒவ்வொன்றாகக் கண்ணருகில் பிடித்துப் பார்த்து, மாடி வாரியாகப் பிரித்து ரப்பர் பேண்டு போடுவார். வயதானவர்கள் இருக்கும் வீடுகளுக்கு அவரே பிளாஸ்டிக் பையில் போட்டுக் கிரில்லில் மாட்டிவிட்டுப் போவார். உங்கள் சம்பளப் பட்டியலில் அவர் பெயர் இல்லை. இருக்க வேண்டும்.

பிப்ரவரியில் அவர் பேரப்பிள்ளையைப் பார்க்க ஈப்போவுக்குப் போய்விட்டார். அந்த மூன்று வாரத்தில்தான் அம்மாவின் கடிதம் தொலைந்தது. அம்மாவுக்கு இரண்டு கண்ணிலும் புரை. அறுவைச் சிகிச்சைக்கு முந்திய பரிசோதனை ஏப்ரலில் இருந்தது. மார்ச் 4-க்கே வரலாம் என்று முன்தள்ளி மருத்துவமனை கடிதம் போட்டிருக்கிறது. கடிதத்தில் தேதி பிப்ரவரி 12. எங்கள் கைக்குக் கிடைத்தது மார்ச் 11. பக்கத்து புளோக்கில் யார் வீட்டுச் சாமி அலமாரியிலோ இருந்ததாம், பாவம் அவர்களே கொண்டுவந்து கொடுத்தார்கள். அந்த இடம் வேறு ஒருவருக்குப் போய்விட்டது. அடுத்த தேதி ஆகஸ்டில். அதுவரைக்கும் அம்மா வெங்காயத்தைத் தடவித் தடவித்தான் உரிப்பார்.

அம்மாவின் பிஸ்கட் டின்னில் ஒரு பழைய உறை இருக்கிறது. கல்யாணத்துக்கு முன்னால் நாகப்பட்டினத்திலிருந்து தாத்தா என் அப்பாவுக்குப் போட்டது. அப்பா அப்போது இங்கே துணிக்கடையில் கணக்கெழுதிக்கொண்டிருந்தார். உறையில் அப்பா பெயர், கடைப் பெயர், 'பிட் ஸ்ட்ரீட், பினாங்கு'. அவ்வளவுதான். அஞ்சல் குறியீடு கிடையாது, கைப்பேசி எண் கிடையாது. அந்தத் தெருவுக்கே இப்போது ஜாலான் மஸ்ஜிட் கப்பித்தான் கிளிங் என்று பெயர். தமிழ்நாட்டிலிருந்து இங்கே ஆளேற்றி வந்த 'ரஜூலா' கப்பல் ஓடிய காலம் அது. கடிதம் வந்து சேர்ந்தது, அதனால்தான் நான் இருக்கிறேன். அந்தக் காலமே பொற்காலம் என்று சொல்ல வரவில்லை. அன்று அந்தத் தெருவுக்கு எத்தனை கடிதம் வந்திருக்கும், இன்று உங்களுக்கு எத்தனை ஆயிரம் பார்சல் என்று எனக்குப் புரிகிறது. கடிதம் எழுதுகிறவர்கள் குறைந்துவிட்டார்கள், தபால்தலை வருமானம் போய்விட்டது. ஆளாளுக்குக் கைப்பேசியில் சாமான் வாங்கிக் குவிக்கிறோம், அதையும் குறைந்த கட்டணத்தில் கொண்டுவரச் சொல்கிறோம். கட்டணம் கூடினால் கூடட்டும். 2010-ல் சாதாரணக் கடிதத்துக்கு 30 சென்னாக இருந்தது ஒரே அடியில் 60 சென் ஆனபோதும் தீபாவளி வாழ்த்து அட்டைகளை நிறுத்தாதவர்கள் நாங்கள்.

எனக்குச் சட்டமும் கொஞ்சம் தெரியும். தெரிய வைத்ததே நீங்கள்தான். 2012-ம் ஆண்டு அஞ்சல் சேவைச் சட்டம் இருக்கிறது, அதை மேற்பார்க்க எம்சிஎம்சி என்று எல்லாரும் சொல்லும் தொடர்பு, பல்லூடக ஆணையம் இருக்கிறது. பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் ஐந்து வெள்ளி கட்டினால், வழக்கறிஞர் இல்லாமலே 50,000 வெள்ளி வரை கோரலாம். பினாங்கில் பயனீட்டாளர் சங்கமும் இருக்கிறது, போய்க் கேட்டால் பாரம் நிரப்பவே உதவி செய்வார்கள். ஆனால் ஒரு ரவிக்கைக் கூலிக்காக நான் இரண்டு நாள் மெஷினை மூட வேண்டும். என்னைப் போன்றவர்கள் அங்கே போக மாட்டோம் என்பது உங்களுக்கும் தெரிந்திருக்கும். அதனால்தான் இப்படி எல்லாரும் படிக்கிற மாதிரி எழுதுகிறேன்.

நான் கேட்பது முதலில் ஒரு பொத்தான். அந்தக் கருவியில் ஐந்தாவதாக 'இன்று வர முடியவில்லை' என்று ஒன்றைச் சேருங்கள். அதை அமுக்கினால் அந்தப் பையனின் கணக்கில் குறை விழக் கூடாது, அதுதான் முக்கியம். குறை விழுந்தால் மறுபடியும் அவன் ஆள் இல்லை என்றுதான் போடுவான். எந்தப் புளோக்கில் எத்தனை தடவை 'வர முடியவில்லை' என்று விழுகிறது என்பது அப்போது உங்களுக்கே தெரியும். எங்கே இன்னொரு ஆள் போட வேண்டும், எந்தக் கட்டடத்தில் லிஃப்ட் ஓடவில்லை என்று தெரிந்துகொள்ள இதைவிட மலிவான வழி இல்லை. இப்போது உங்கள் கணக்குப்படி பினாங்கில் பாதிப் பேர் வீட்டில் இருப்பதே இல்லை. அதை நம்பி நீங்கள் என்ன திட்டம் போட முடியும்?

அப்புறம், பெறுநர் அடையாள அட்டையோடு வேன் முன்னால் வந்து நின்றால், என்ன அமுக்கியிருந்தாலும் அந்த இடத்திலேயே கொடுக்க அனுமதியுங்கள். மருத்துவமனை உறைகளை மட்டுமாவது குவியலில் வைக்காமல் பெட்டியில் போடச் சொல்லுங்கள், எங்கள் பெட்டிக்குக் கதவு இருக்கிறது, பூட்டும் இருக்கிறது. இவை இப்போதைக்குப் போதும்.

அடுத்த வாரம் சென்னையிலிருந்து இன்னொரு பார்சல் வருகிறது. வருகிறவருக்கு வழி சொல்லிவிடுகிறேன். இடது பக்க லிஃப்ட்தான் ஓடுகிறது. அதில் 11-க்கான பொத்தான் எரியாது, பத்தில் இறங்கி ஒரு மாடி படியேறினால் போதும். கெக் லோக் சி கோயில் தெரிகிற பக்கமாகத் திரும்பினால் மூன்றாவது வீடு, வாசலில் துளசித் தொட்டி. கதவு திறந்தே இருக்கும். அம்மா கிரில்லை ஒட்டித்தான் உட்கார்ந்திருப்பார். அவருக்குக் கண் சரியாகத் தெரியாது. கையெழுத்து எந்த இடத்தில் போட வேண்டும் என்று விரலை வைத்துக் காட்டச் சொல்லுங்கள், போட்டுக் கொடுப்பார்.

இப்படிக்கு,
ஆயர் ஈத்தாம், 11500,
பதினோராவது மாடித் தையல்காரி